சைலன்சரின் வாக்குமூலம்

விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். துணிக்கடையில் எனக்கு ஆல்டரேஷன் வேலை. அந்த வாரம் ஒருவருடைய பேண்டில் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்த மனிதர் என்னையும் ஜிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழேருந்து மேல திறந்தா என்ன சார், திறக்குதில்ல?" என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இரு என்று முதலாளியம்மா அனுப்பிவிட்டார்.

வீட்டில் இருப்பது இன்னும் மோசம். வாசலில் என் வீட்டுக்காரர் டாக்ஸியைக் கழுவிக்கொண்டிருப்பார். ஓடாத வண்டியை எத்தனை முறைதான் கழுவுவது? டயரின் பள்ளத்துக்குள் மாட்டிய சின்னக் கல்லையெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுப்பார். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். பேச்சு கிடையாது.

பேச்சு அவருக்கு எப்போதுமே கிடையாது. டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே சைலன்சர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம், வாய் காதுவரைக்கும். அவருடைய பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். இத்தனை வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது, பெரிய குறையொன்றும் இல்லை.

நடந்தது இதுதான். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்ட ஒருவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவதற்காக இவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இறக்கிவிட மட்டும் அங்கே நிறுத்தலாம், போர்டே இருக்கிறது. எதிரே பூத்தில் இருந்த டிராபிக் போலீஸ்காரர் வந்து, கண்ணாடி வழியே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கியிருக்கிறார். சாவியைக் கேட்டு இவர் இறங்கியிருக்கிறார். கன்னத்தில் ஓர் அடி விழுந்திருக்கிறது. நடுரோட்டில், பட்டப்பகலில்.

இதை இவர் சொல்லி நான் தெரிந்துகொண்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்தார், முகம் கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த மாவுக்கட்டுக்காரர் ஸ்டாண்டுக்குப் போன் பண்ணி, "என்னை இறக்கிவிடப் போயி அந்த டிரைவர் அடி வாங்கினாரு, எப்படி இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டாண்ட் தலைவர் நேராக என் வீட்டுக்கு வந்து, "ஏன் தங்கச்சி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். கட்டின புருஷன் அடி வாங்கியதை ஊரார் வந்து சொல்லிப் பெண்டாட்டி தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அடித்தவன்மேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

"அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி?"

அதற்குமேல் வாயைப் பிடுங்க முடியவில்லை. அப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் அடித்த ஆள் விடவில்லை. பணியில் இருந்த போலீஸ்காரரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார், வேலையைச் செய்யவிடாமல் தடுத்தார் என்று எழுதிவிட்டார். லைசென்ஸை ஒரு வருஷம் ஏன் முடக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. என் வீட்டுக்காரர் கெட்ட வார்த்தை சொன்னாராம். நல்ல வார்த்தைக்கே வாய் திறக்காத மனுஷன்.

தலைவர்தான் வழி சொன்னார். "அடிச்சாருன்னு நாம ஒரு புகார் குடுப்போம் தங்கச்சி. அது நிரூபணம் ஆச்சுன்னா அவர் எழுதினது செல்லாது. ஆகலன்னா லைசென்ஸ் போகும், பொய்ப் புகார்னு கேஸ் வேற வரும். யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? லைசென்ஸ் இல்லாத டிரைவர் என்ன செய்வார், வாழ்நாளெல்லாம் கார் கழுவுவாரா? மாவுக்கட்டுக்காரரிடம் கேட்டு, அவர் பார்த்ததை அப்படியே நானே எழுதினேன். இவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு சரி. வண்டியை எடுக்கவே இல்லை. லைசென்ஸ் கையில்தான் இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை ஓட்டலாம். "ஒரு அடிக்கா இப்படி மூலையில உக்காந்துட்டீங்க? ஸ்டாண்டுல ஆளாளுக்குப் போலீஸ்கிட்ட வாங்கியிருக்கான், மறுநாளே வண்டி எடுக்கல?" என்று ஒருநாள் கத்தினேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

விசாரணை நாளன்று காலையில் தலைவர் தன்னுடைய வண்டியிலேயே வந்து ஏற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரர் பின்சீட்டில் பயணி மாதிரி உட்கார்ந்திருந்தார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். நான் வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன்.

"விசாரணை பண்ற மேடம் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பார்க்கலாம்."

"என்னத்தப் பார்க்கறது? அடிச்சாருன்னு சொல்லணும். மூணெழுத்தோ நாலெழுத்தோ, சொல்லித் தொலைங்களேன்."

தலைவர் வண்டியை ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திருப்பினார். "அந்தப் பக்கம் வேண்டாம்ணே," என்றார் இவர். "நேரமாச்சுப்பா." "வேண்டாம்ணே." தலைவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பாலத்தடி நெரிசலில் மாட்டி நின்றோம். என் கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பிரேக் எனக்குக் கீழே இருந்திருந்தால் உடைத்திருப்பேன். பேசாமல் அதே வழியில் போயிருந்தால் இந்நேரம் சேர்ந்திருக்கலாம், இந்தக் கல்லுளிமங்கனைக் கட்டிக்கொண்டு என்னதான் செய்வது என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்கும்படியாகத்தான்.

விசாரணை அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. நீள மேஜை, அதன் தலைமாட்டில் விசாரணை செய்யும் மேடம், பக்கத்தில் டைப் அடிக்க ஒரு கிளார்க். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற பழக்கம். எதிர்ப்பக்கம் அந்தப் போலீஸ்காரர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுக்காரர் கட்டைப் பிரித்திருந்தார், ஊன்றுகோலோடு வந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். இவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் ஆரம்பித்தேன். நாலு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன், போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார்.

"பாத்தீங்களா மேடம்? புகார் எழுதினதும் இந்தம்மாதான், பேசறதும் இந்தம்மாதான். அடி வாங்கினதாச் சொல்ற ஆளு இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ஏன்னா வாங்கல."

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல மேடம், ஆனா..."

"அப்ப அவர் பேசட்டும். நீங்க இன்னொரு தடவை பேசினா வெளிய உக்கார வேண்டியிருக்கும்."

என் வாய்க்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி எல்லாம் சைலன்சர் வாயில் இருக்கிறது, அது திறக்காது என்று எனக்குத் தெரியாதா?

மாவுக்கட்டுக்காரர் தன் பங்குக்குச் சொன்னார். வாசலை நோக்கித் திரும்பிவிட்டார், சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார், போலீஸ்காரரின் கை இறங்குவதைப் பார்த்தார், டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதற்குள் ஆஸ்பத்திரி ஆட்கள் தன்னை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள் என்றார்.

"கன்னத்துல கை பட்டதைப் பார்த்தீங்களா?" என்றார் மேடம்.

அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. "படறப்போ பார்க்கல."

"தோள்ல தட்டி ஓரமா நில்லுங்கன்னு சொன்னேன் மேடம்," என்றார் போலீஸ்காரர். "அவ்வளவுதான். நாங்க ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தட்டறோம்."

மேடம் என் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. அடிச்சாரா, தட்டினாரா?"

அவர் மேஜையைப் பார்த்தார். கிளார்க் விரல்களைக் கீபோர்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"விட்டுடலாம் மேடம்," என்றார்.

தலைவர் தலையைத் தொங்கப்போட்டார். எனக்கு எழுந்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எழுந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விட்டா உங்க லைசென்ஸ் போயிடும். அது புரியுதா?" மேடத்தின் குரலில் கோபமில்லை. "நான் இதுல ஏதாவது எழுதணும். வாயால சொல்ல வரலன்னா, என்ன நடந்துச்சோ அதைச் செஞ்சு காட்டுங்க. தட்டினதுன்னா தட்டினது, அடிச்சதுன்னா அடிச்சது." கிளார்க்கைப் பார்த்து, "நீ போய் அவர் முன்னாடி நில்லு," என்றார்.

கிளார்க் எழுந்து வந்தார். பாவம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் எழுந்தார். கிளார்க்கின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவரை எதுக்குங்க," என்றார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு கையை ஓங்கித் தன் கன்னத்திலேயே அடித்துக்கொண்டார்.

விளையாட்டு அடி இல்லை. தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கிளார்க் பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டார். மாவுக்கட்டுக்காரர், "இந்தச் சத்தம்தான்," என்றார்.

"சரி, போதும். உக்காருங்க," என்று மேடம் பேனாவை எடுத்தார்.

"இது ரோட்டுல, மேடம்," என்றார் இவர். "அப்புறம், சாவி வேணும்னா உள்ள வான்னு பூத்துக்குள்ள கூட்டிட்டுப் போனாரு."

மறுபடி ஓங்கினார்.

"இது, யாரைப் பார்த்துக் கேள்வி கேக்கறேன்னு."

வாடகை எவ்வளவு என்று கேட்டால் சொல்லுவாரே, அதே குரல். மறு கையால் மறு கன்னத்தில் அடித்தார். "இது, கண்ணைக் கீழ போடுன்னு." மறுபடியும். "இது, பிள்ளைகுட்டி இருக்கான்னு கேட்டு, இருக்குன்னு சொன்னதுக்கு." மறுபடியும் அடித்துவிட்டுச் சற்று யோசித்தார். "இதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல."

போலீஸ்காரர் எழுந்துவிட்டார். "நாடகம் மேடம். பூத்துக்குள்ள வச்சு நான் சாவியைக் குடுத்து அனுப்பினேன், அவ்வளவுதான்."

மேடம் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிக் காகிதத்தைப் புரட்டினார். "உங்க அறிக்கையில பூத்தே வரலையே. ரோட்டுலயே சாவியைக் குடுத்ததா எழுதியிருக்கீங்க."

அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை. "உக்காருங்க," என்றார் மேடம். கிளார்க்கிடம், "எல்லாத்தையும் அடி. ஒண்ணு விடாம," என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. லைசென்ஸ் போகாது. அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தில் செத்துவிட்டது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பூத்துக்குள் இத்தனை வாங்கிக்கொண்டு, சாவியையும் வாங்கிக்கொண்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறார். உப்புக் கூடிப்போச்சு என்று அன்றைக்கு நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் கை மறுபடி உயர்ந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, உதட்டோரம் வீங்க ஆரம்பித்திருந்தது. மேடமோ தலைவரோ தடுப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் அசையவில்லை. வெளியே அனுப்பினால் அனுப்பட்டும் என்று எழுந்து போய் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை எரிந்துகொண்டிருந்தது.

"போதுங்க," என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. போதும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீதானே சொல்லச் சொன்ன," என்றார். "கையை விடு. இன்னும் முடியல."

விட்டுவிட்டேன்.