அரண்மனையில் கழற்றிய பூட்ஸ்

முருகலட்சுமி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீட்டைவிட்டு வெளியேறினாள். கூடத்தில் மாமனார் பொன்னுச்சாமி, மூக்குப்பொடி டப்பாவைத் தலைமாட்டில் வைத்து மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கண்ணைத் திறக்காமலே "எங்கன போற?" என்று மறித்துவிடுவார். முன்பு ஒருதரம், கதை எழுதுவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டு, "வேலையத்தவ பாக்குற வேல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? அன்றைக்கே நோட்டுகளெல்லாம் மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டன. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து அரண்மனை, அதிலே ஒற்றர்கள், விஷம், ராணியின் ரகசியக் கடிதம் என்று அத்தனையும் இரண்டு வருஷமாக அங்கேதான் பதுங்கிக் கிடந்தன.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நாவல் சென்னைப் பதிப்பகத்தின் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த போட்டி மூன்று வருஷம் கழித்துத்தான். அதுவரைக்கும் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைக்க அவளுக்குத் தெம்பில்லை.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹுமைராவின் டி.டி.பி. கடை. பெரியபட்டினத்துப் பெண். நாவல் முழுவதையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். முருகலட்சுமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தபோது, ஹுமைரா கடைசி நோட்டைப் புரட்டிக்கொண்டே தும்மினாள்.

"ஒங்க நோட்டத் தொறந்தாலே தும்மலா வருதுக்கா."

"வத்தல் நெடி, பொறுத்துக்கம்மா. முடிவு எப்புடி இருக்கு?"

ஹுமைரா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "கோவிச்சுக்கிறாதீக. மந்திரி அறை வாசல்ல ஏழு ஜோடி பூட்ஸ் கெடக்கு. அதுல ஒண்ணுல மட்டும் ஆத்தங்கரை மஞ்சச் சேறு. அத வச்சுத்தான சமையக்காரி மார்த்தா, வேவு பாக்குற ஒத்தனக் கண்டுபிடிக்கிறா?"

"ஆமா. ரெண்டு வருஷம் மண்டைய ஒடச்சுக் கண்டுபிடிச்சது."

"எங்க லாத்தா, மூத்தவ, லண்டன்ல இருக்காள்ல? பக்கத்து வீட்டுக்காரவுக பூட்ஸோடயே வீட்டுக்குள்ள வாராகன்னு போன்ல பொலம்பாத நாளில்ல. இப்பவே இப்புடின்னா, அந்தக் காலத்து மந்திரிமாரு வாசல்ல கழட்டிப் போட்டுட்டா உள்ள போயிருப்பாக? இது நம்ம ஊரு பழக்கம்க்கா."

முருகலட்சுமிக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அட பாவமே! ராணியின் பாவாடைக்கு எத்தனை மடிப்பு என்று தேடித் தேடிப் படித்தவள், காலைப் பார்க்காமல் விட்டாளே! பூட்ஸ் போனால் சேறு போச்சு, சேறு போனால் நாவலே போச்சு. கடிகாரம் நாலு மணி காட்டியது.

"விடும்மா. அனுப்ப வேணாம்" என்று எழுந்தாள். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைக்கப் போனவள் அப்படியே நின்றாள். வீட்டிலிருந்து இதைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல வந்தாளே, எதற்காக?

"ஹுமைரா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருமே பூட்ஸக் கழட்டாத ஊருல, ஒருத்தன் மட்டும் கழட்டி வச்சிருக்கான். ஏன்?"

ஹுமைரா வாய் திறக்கும் முன் முருகலட்சுமியே பதிலும் சொன்னாள்.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான்! மரத் தரை, பூட்ஸோட நடந்தா டக்கு டக்குங்கும். மத்த ஆறு பேரும் பூட்ஸோட உள்ள ராணி கடிதத்தப் பேசிக்கிட்டிருக்காக. ஒத்தன் வெறுங்காலோட திரைக்குப் பின்னால ஒட்டுக் கேக்குறான். மார்த்தா தட்டோட வாரா, மூலையில ஒத்த ஜோடி பூட்ஸ் நிக்கிது, மஞ்சச் சேத்தோட!"

"யா அல்லா! சொல்லுங்கக்கா, சொல்லுங்க, அடிக்கிறேன்!"

முருகலட்சுமி நின்றபடியே சொல்லச் சொல்ல, ஹுமைராவின் விரல்கள் பறந்தன. நடுவில் கரண்ட் ஒருதரம் கண்சிமிட்டியது. இரண்டு பேருக்கும் மூச்சு நின்றே போனது. நல்லவேளை, இன்வெர்ட்டர் காப்பாற்றியது. நாலு ஐம்பத்தாறுக்கு நாவல் போய்ச் சேர்ந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் மேசை மேலிருந்த டீ கொட்டியது.

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவள், வீட்டருகே வந்ததும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து, சடக் சடக்கென்று வீட்டு வாசல்வரை நடந்தே வந்தாள்.

"எங்கன போய்ட்டு வார?" பொன்னுச்சாமிதான்.

"நாவல் எழுதிருக்கேன் மாமா. போட்டிக்கு அனுப்பிட்டு வாரேன்."

அவர் நிதானமாக எழுந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றினார். பெரிதாகத் தும்மினார்.

"அந்த அரமனை வைத்தியன்தான ஒத்தன்? நாலாவது நோட்டுலயே எனக்குச் சந்தேகம். கடசி நோட்ட நீ வெளிய கொண்டு போய்ட்ட, பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல தாயி."

முருகலட்சுமி அவரைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், அவர் மூக்கைப் பார்த்தாள். வத்தல் நெடியாம், வத்தல் நெடி! நோட்டெல்லாம் மாமாவின் பொடியல்லவா! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வைத்தியன்தான் மாமா. ஆனா எப்புடி மாட்டுனான்னு கேளுங்க."