பாஞ்சோவுக்குள் ஒரு காலுறை

மெல்பேர்ணின் மேற்குப் புறநகரான டார்னெய்ட்டில் இருக்கும் தேவராஜாவின் காலுறைகள் ஜோடி பிரிந்து கன காலமாகிவிட்டது. இடது காலில் கங்காருப் படம் போட்டது இருந்தால் வலது காலில் வெறும் கறுப்பு இருக்கும். தொலைந்த கங்காரு எங்கே என்று அவன் தேடுவதில்லை. அது மனைவி சிவாஜினியின் பாஞ்சோவுக்குள் இருக்கும்.

பாஞ்சோ என்பது வட்டச் சட்டத்தில் மேளம்போலத் தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்தில் நான்கு கம்பி பூட்டிய வாத்தியம். அயர்லாந்துக்காரரின் நாட்டுப்புற இசையில் பிடிலோடும் குழலோடும் சேர்ந்து ஓடும். சேர்ந்து ஓடும் என்பது பாஞ்சோ வாசிப்பவர்கள் சொல்வது. முந்திக்கொண்டு ஓடும் என்பது மற்றவர்கள் சொல்வது. சின்னத் தகடு ஒன்றால் கம்பியைச் சுண்டினால் போதும், மூன்றாம் வீட்டு நாய் எழும்பி நிற்கும். அதற்காகத்தான் காலுறை. தோலின் பின்பக்கம் அதைச் சுருட்டித் திணித்துவிட்டால் வாத்தியம் தலையணைக்குள் முகம் புதைத்துக் கதைக்கிற ஆளைப்போல அடங்கிவிடும்.

சிவாஜினி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கூட வேலை செய்த ஒருத்தியின் பிரியாவிடைக்காக ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பப்புக்குப் போனவள், கையில் லெமனேட் கிளாஸோடு மூலையில் நடந்த வாசிப்பைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த மாதம் பாஞ்சோ வாங்கினாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவளும் அந்த மூலையில்தான்.

அந்த மூலைக்கும் ஒரு தலைவர் இருந்தார். தாடி வைத்த பிடில்காரர். அவர் கண்ணை மூடி வாசிக்கும்போது யாரும் இருமக்கூடாது. பாரம்பரியத்தைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், அயர்லாந்தை அவரே கையால் பிசைந்து கடலில் மிதக்கவிட்டாரோ என்று தோன்றும். பிறந்தது மெல்பேர்ணுக்குப் பக்கத்து ஜீலோங்கில். சிவாஜினியை இரண்டு வருடம் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் வாசித்து முடித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தப் பப்பில் அது பொன்னாடைக்குச் சமம்.

ஆகவே பந்தா அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தமிழ்ப் பந்தாவுக்கு முன்னால் அயர்லாந்துப் பந்தா கைக்குழந்தை.

மேற்கு மெல்பேர்ண் முத்தமிழ் இசைப் பேரவையின் தலைவர் வரதராஜா ஒரு கலாநிதி. அவருடைய ஆராய்ச்சி கழிவுநீர்க் குழாய்களைப் பற்றியது. என்றாலும் அந்தப் பட்டத்தைக் குழாய்களைப் பற்றிப் பேசும்போது அவர் எடுப்பதில்லை; சங்கீதத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எடுப்பார். தேவராஜா அந்தப் பேரவையின் பொருளாளர். சிவாஜினிக்கும் அங்கே நிரந்தரமான ஓர் இடம் உண்டு: குசினி. வருடாவருடம் அவள் வடை சூடாக்கி, தேத்தண்ணி ஊற்றி, மேடையில் யாரோ வாசிப்பதைச் சுவர் வழியாகக் கேட்பாள். இந்த வருடம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. வெள்ளைக்காரச் சனம் இத்தனை நாள் கேட்டதைத் தன் சொந்தச் சனமும் ஒருக்கால் கேட்கவேண்டும். நாலு நிமிடம் போதும்.

கலாநிதியின் வீட்டு வரவேற்பறையில் விண்ணப்பம் நடந்தது.

“என்ன வாத்தியம் எண்டு சொன்னனீர், தங்கச்சி?”

“பாஞ்சோ, அண்ணை.”

அண்ணை என்றதில் கலாநிதியின் முகம் கொஞ்சம் வாடியது. “அது குடிகாரர் தட்டுற தகரமெல்லோ?”

“தட்டுறேல்லை அண்ணை, சுண்டுறது.”

“எங்கட மேடைக்கு நாதம் வேணும், தங்கச்சி. நாதம்!” இரண்டாம் நாதத்துக்கு அவர் நெஞ்சில் கை வைத்தார். அந்த இடத்தில் இருப்பது நாதம் என்பது அவர் நம்பிக்கை. குடும்ப வைத்தியர் அதை வாயு என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்.

தேவராஜா இடையில் விழுந்தான். “அவ சொக்ஸ் வைச்சுத்தான் வாசிப்பா, அண்ணை. சத்தமே கேளாது.”

கலாநிதிக்கு அது பிடித்துப்போனது. சத்தமே கேளாத வாத்தியத்துக்கு இடம் கொடுப்பதில் யாருக்கு என்ன நட்டம்? மூன்று நிபந்தனை போட்டார். காலுறை உள்ளேயே இருக்கவேண்டும். கடைசி நிகழ்ச்சியாக வரவேண்டும். பெயரை அவர் வைப்பார்.

“அயர்லாந்து யாழ்! யாழ் எண்டால் சனம் எழும்பி நிண்டு கை தட்டும்.”

“இது யாழில்லை அண்ணை, பாஞ்சோ.”

“யாழ் எண்டால் மேடை இருக்கு. பாஞ்சோ எண்டால் குசினி இருக்கு. யோசிச்சுச் சொல்லும்.”

காரில் திரும்பும்போது சிவாஜினி கேட்டாள். “உங்களை ஆர் சொக்ஸைப் பற்றிக் கதைக்கச் சொன்னது?”

“இடம் கிடைச்சுதெல்லோ?”

“இடம் கிடைச்சது சொக்ஸுக்கு.”

பேரவை விழா நடக்கவிருந்த அதே சனிக்கிழமை பப் கூட்டம் மலையடிவாரத்து ஊரொன்றில் விழாவுக்கு வாசிக்கப் போனது. அவளையும் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றபோது பிடில்காரர் இரண்டு கண்ணையும் திறந்தார்.

பேரவையின் விழா நிரலில் கலாநிதியின் படம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அடியில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில்: ‘அயர்லாந்து யாழ் – திருமதி சி. தேவராஜா (நேரம் இடமளிப்பின்)’. நேரம் இடமளிப்பின் என்றால் பேரவை வழக்கில் ஒரே பொருள்தான்: இடமளிக்காது.

பிரதம விருந்தினர் சிட்னியில் கெல்லிவில்லிலிருந்து வந்தவர், அங்கே சபா நடத்தும் கோபாலகிருஷ்ணன். அவர் அசந்துபோகவேண்டும் என்று கலாநிதி அந்தப் பாடசாலை மண்டபத்தை இந்திரலோகமாக்கியிருந்தார். மேடைக்குப் பின்னால் சுவரளவு மின்திரை. விருந்தினர் நடந்து வரப் புகை கக்கும் இயந்திரம். அவர் தோசையைச் சூடாகச் சாப்பிடவென்று குசினியில் இரண்டு மின்தோசைக்கல். பக்கத்தில் தேத்தண்ணிக் கொதிகலன்.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அதற்கு நன்றியுரை என்று உரைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து வந்தன. நடுவில் ஒரு வீணைக் கச்சேரி எப்படியோ உள்ளே புகுந்து, உடனே வெளியே அனுப்பப்பட்டது. மிருதங்க மாஸ்டர் அரியரத்தினம் சுருதி சேர்த்த மிருதங்கத்தோடு மேடையோரத்தில் குந்தியிருந்து, அடிக்க வேளை வராமல் கொட்டாவி விட்டார். மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கியது. திரைமறைவில் சிவாஜினி பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு, தன் நாலு நிமிடம் மூன்றாகி, இரண்டாகி, இல்லாமலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னாடை நேரம். புகை கிளம்பியது. திரை பளீரென்றது. குசினியில் தோசைக்கல் இரண்டும் ஒன்றாகச் சூடேறின. கலாநிதி மைக்கை உதட்டோடு ஒட்டினார்.

“தமிழிசையின் ஒளி ஒருநாளும் அணையாது!”

அணைந்தது.

விளக்கு, திரை, மைக், சுருதிப்பெட்டி எல்லாம் ஒரே மூச்சில் போயின. வெளியேறும் வாசலின் பச்சை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மின்பெட்டிக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் வெரிபீயில் மகளின் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் நின்றார். வாறேன் என்றார், கேக் வெட்டிவிட்டு.

“அமைதி! அமைதி!” என்றார் கலாநிதி. மைக்கில் கோயில் மணியாக ஒலித்த குரல் மைக் இல்லாமல் தேத்தண்ணிக் கேத்தில் விசிலாக வந்தது. மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. வீணைக்காரம்மா உதவிக்கு வந்து வாசித்துப் பார்த்தார். வீணை முன்வரிசைக்கு மட்டும் இரகசியம் சொன்னது. பிள்ளைகள் அழுதார்கள். பிறகு கார்ச் சாவிகள் குலுங்கும் சத்தம்.

“சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்...”

இந்தச் சனம் இப்போது போனால் திரும்பி வராது. அடுத்த வருடம் மறுபடி வடைதான். சிவாஜினி எழுந்து, இருட்டில் கையால் துழாவி, மேடை நடுவிலிருந்த கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

“ஆரது? தங்கச்சியே? இப்ப வேண்டாம். கரண்ட் வரட்டும்.”

“எனக்குக் கரண்ட் தேவையில்லை, அண்ணை.”

பாஞ்சோவின் பின்னால் கையை விட்டாள். காலுறையை உருவி எடுத்துக் கதிரைக் கைப்பிடியில் போட்டாள்.

பிறகு சுண்டினாள்.

முதல் சுரம் மண்டபத்தின் பின்சுவரில் போய் அடித்துத் திரும்பி வந்தது. சாவிச் சத்தம் நின்றது. இரண்டாவது, மூன்றாவது என்று எண்ண முடியவில்லை. தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல, ஆனால் ஒவ்வொரு கட்டியும் தன் இடம் தெரிந்து விழுவதுபோல, ஓர் அயர்லாந்து மெட்டு இருட்டை நிறைத்தது. அழுத பிள்ளைகள் வாயை மூட மறந்தார்கள். இடையில் ஒரு சுரம் வழுக்கியது. பப்பாக இருந்தால் பிடில்காரர் புருவத்தைத் தூக்கியிருப்பார். இங்கே புருவம் தெரிய வெளிச்சம் இல்லை.

“ஆரடா அது, அம்மன் கோயில் திருவிழா மாதிரி!” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். போகப் புறப்பட்ட கால்கள் திரும்பி வந்தன.

“பிள்ளை,” பக்கத்தில் அரியரத்தினம் மாஸ்டரின் குரல். “அடுத்தது என்ன நடை?”

“தகிட தகிட, மாஸ்டர். நல்ல வேகம்.”

“வேகம் என்ர பாடு. நீ ஓடு.”

அவள் ஓடினாள். பின்னேரம் முழுவதும் அடக்கி வைத்த கையை மாஸ்டர் அவிழ்த்துவிட்டார். மிருதங்கம் பாஞ்சோவைத் துரத்தியது. பாஞ்சோ அகப்படாமல் வளைந்து திரும்பி மிருதங்கத்தைத் துரத்தியது. மண்டபம் முழுக்கக் கை தட்டித் தாளம் போட்டது. குசினிப் பெண்கள் தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்து சுவரில் தட்டினார்கள். சத்தமே கேளாது என்ற வாத்தியத்துக்கு மேலே தன் குரலை ஏற்றக் கலாநிதி தொடர்ந்து முயன்றதாக முன்வரிசையினர் பிறகு சாட்சி சொன்னார்கள். இடையிடையே ஒரு கேத்தில் விசில் கேட்டதாம்.

“எங்க என்ர லேஞ்சி?” என்று வியர்வை வழிய அவர் கைக்குட்டையைத் தேடித் தடவியதும், கதிரைக் கைப்பிடியில் கைக்கு ஏதோ அகப்பட்டதும் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது கரண்ட் வந்தது.

மேடை நடுவில், இந்திரலோக வெளிச்சத்தில், கலாநிதி வரதராஜா ஒரு கங்காருக் காலுறையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் தேவராஜா அதைப் பார்த்தான், குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். சந்தேகமே இல்லை.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. கலாநிதி மைக்கைப் பிடித்தார். “இதுவரை நீங்கள் கேட்டு மகிழ்ந்தது, பேரவை திட்டமிட்டு வழங்கிய அயர்லாந்து யாழ்...”

“அது யாழ் இல்லைங்க, பாஞ்சோ,” என்றார் பிரதம விருந்தினர் கோபாலகிருஷ்ணன், பாதி போர்த்திய பொன்னாடையோடு. “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாசிப்பார். மேடம், இன்னொண்ணு வாசிங்க. என் ஸ்பீச்சை நான் மெயில்ல அனுப்பிடறேன்.”

அன்றைக்கு அதிகக் கைதட்டு வாங்கிய உரை அதுதான். “பாஞ்சோ! பாஞ்சோ!” என்று மண்டபம் கூவியது.

சிவாஜினி கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினாள். மண்டபமும் அடங்கியது.

“பேரைச் சொல்லுங்கோ அண்ணை. வாசிக்கிறன்.”

கலாநிதி விருந்தினரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். நாதமோ வாயுவோ, நெஞ்சில் எதுவோ ஒருமுறை ஏறி இறங்கியது.

“திருமதி சிவாஜினி தேவராஜா,” என்றார். “பாஞ்சோ.”

ஒலிபெருக்கி அதைக் கணீரென்று மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. அவர் இரண்டு விரலால் காலுறையை அவளிடம் நீட்டினார்.

“வைச்சிருங்கோ அண்ணை. எனக்கு இனித் தேவையில்லை.”

மைக்கைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அவள் சுண்டத் தொடங்கினாள். மூன்றாவது வரிசையில் தேவராஜா இடது சப்பாத்தைக் கழற்றி, மிஞ்சிய கங்காருவையும் உருவியெடுத்து, எழுந்து நின்று தலைக்கு மேலே சுழற்றினான்.