அறுநூறும் முப்பத்தைந்தும்

கொக்கு அசையவில்லை. அதற்கு நானே சாட்சி. ஏரிக்கரைச் சேற்றில் ஒற்றைக் காலில், யாரோ நட்டுவிட்டு மறந்துபோன கம்பு மாதிரி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கறை. இறகெல்லாம் நனைந்த பஞ்சு. ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தேன். முழங்கையை மரத்தில் ஊன்றி எடுத்தேன். கொக்குக்கே சலித்துப்போய்க் காலை மாற்றிக்கொண்டது. படம் மட்டும் மாறவில்லை.

கைக்குழந்தை கனம் இருக்கும் அந்த லென்ஸை, அதன் நீளத்தை வைத்துக் கடையில் வெறுமனே ‘அறுநூறு’ என்பார்கள். வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். நீள லென்ஸ் தூரத்துப் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, எடுப்பவரின் கை நடுக்கத்தையும் கூடவே பெரிதாக்கும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அந்த நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ள உள்ளேயே ஒரு வசதியும் உண்டு. அதை முடுக்கிவிட்டுத்தான் எடுத்தேன். அதையும் மீறிப் படம் கலங்குகிறது என்றால்? வீட்டில் இருக்கும் பழைய சின்ன லென்ஸில் எல்லாம் பளிச்சென்று விழுகிறது. அப்படியென்றால் நடுக்கம் சின்னதுதான், இப்போதுதான் தொடங்குகிறது. பெரிய லென்ஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டது. நானாகப் போட்ட இந்தக் கணக்கில் எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை தெரியவில்லை.

நான் பல் செட் செய்கிறவன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்துப் பள்ளங்களைக் கத்தி முனையால் இழைக்கும்போது, கை ஒரு மயிரிழை நழுவினாலும் யாரோ ஒருவருக்குச் சோறு மெல்ல முடியாது. வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கும் என் வயதில்தான் தொடங்கியது. முதலில் காட்டிக்கொடுத்தது செய்தித்தாள். அடுத்த அறையில் தாள் சலசலத்தால் அப்பா படிக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட ஆரம்பித்தாள். கடைசியில், வீட்டுக்கு யாராவது வந்தால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். வந்தவர்கள் குளிர்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்பார்.

ஏரியிலிருந்து திரும்பியதும் நான் செய்தித்தாளைத் தரையில் விரித்துப் படிக்கத் தொடங்கினேன். டீயை அரை டம்ளராக வாங்கிக் குடித்தேன். வேலையிடத்தில் ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததையும் நம்பாமல் மெழுகை உருக்கி மறுபடி செய்தேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். அறுநூறைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுப் படம் எடுக்கத் தோதான ‘முப்பத்தைந்து’ என்ற குட்டி லென்ஸை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பேத்தி நடக்கத் தொடங்கியிருந்தது காரணம் சொல்ல வசதியாகப் போயிற்று.

“பொருளை மாத்தப் போறீங்கன்னா நானும் வர்றேன். நீங்க அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துருவீங்க” என்று மனைவி கிளம்பிவிட்டாள். லென்ஸ் பையைத் துண்டில் சுற்றி, துண்டை இன்னொரு பைக்குள் வைத்தாள். அவள் சுபாவம் அப்படி. எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. டிவி ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, மெத்தைக்கு வந்த பிளாஸ்டிக்கைக்கூட அவள் கிழிக்கவிட்டதில்லை. கல்யாணமான புதிதில் நான் கேலி செய்ததுண்டு. போகப்போக உறைகள் என் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டன.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது லென்ஸ் கடை. கடைக்காரம்மாவுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘டபுள் லென்ஸ்’ என்பார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன சார், பறவையெல்லாம் போரடிச்சிருச்சா?”

“பேத்தி நடக்குறா. அவளை எடுக்கலாம்னு.”

“பேத்தியும் பறவை மாதிரிதான், நிக்காது.” முப்பத்தைந்தை என் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். “அக்காவை எடுங்க. இதுல ஒரே விஷயம்தான், நீங்க பக்கத்துல போகணும். அறுநூறுல தள்ளித் தள்ளி நின்னு பழகியிருப்பீங்க.”

“அதை வாங்குனதுலேர்ந்து தள்ளியேதான் இருக்காரு” என்றாள் மனைவி.

உள்ளங்கைக்குள் அடங்கும் லென்ஸ். மனைவியின் பக்கத்தில் போய் எடுத்தேன். நெற்றிப் பொட்டு, காதோர நரை, என்னை நம்பாமல் சுருங்கிய கண் எல்லாமே தெளிவாக விழுந்தன. அறைக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தும் நன்றாக வந்தது. மகிழ வேண்டிய படம்தான். இனி எனக்கு இவ்வளவுதான் என்று தோன்றியது. கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். இதுவும் புதிதாக வந்த பழக்கம்தான்.

திரும்ப வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்று கடைக்காரம்மா அறுநூறைத் தன் கேமராவில் பொருத்தினார். ஜன்னல் ஓரம் ஒரு மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து, எதிர்க் கட்டடத்துப் பெயர்ப்பலகையை எடுத்தார். திரையைப் பார்த்தார். தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டு மறுபடி பார்த்தார்.

“என்ன சார், லென்ஸைக் கீழ எங்கயாவது போட்டீங்களா? எழுத்தெல்லாம் கொழகொழன்னு இருக்கு.”

“எங்க வீட்டுல எதுவும் கீழ விழாது” என்று மனைவி முந்திக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நல்ல லென்ஸின் மேல் பழி விழுகிறது. அந்த அம்மா அதைப் பழுது என்று எழுதி ஒதுக்கிவிடுவார். “லென்ஸ் நல்லாத்தாங்க இருக்கு” என்றேன். “கோளாறு என் கையில. நடுங்குது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. அதான் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்குத்தான் அரை டம்ளர் டீயா?” என்றாள் மெதுவாக. “நான் சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

கடைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

“சார், இந்தப் படத்தை எடுத்தது நான். லென்ஸ் மூட்டை மேல இருக்கு. உங்க கை ரெண்டும் உங்க பாக்கெட்டுல இருக்கு.”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவர் லென்ஸின் முன்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, நகத்தால் ஓரத்தைச் சுண்டினார். “லென்ஸ் மேல இந்தக் கண்ணாடியை யாரு மாட்டுனது? நான் குடுக்கும்போது இது இல்லையே.”

“நான்தான்” என்றாள் மனைவி. “வந்த அன்னைக்கே போட்டேன். அவ்வளவு பெரிய கண்ணாடி, கீறல் விழுந்தா? ரிமோட் உறை வாங்குன இடத்துலயே இதுவும் இருந்துச்சு.”

அந்தக் கண்ணாடியின் வளையம் இறுகிப்போயிருந்தது. கடைக்காரம்மா அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுத் திருகினார். வரவில்லை. நான் கையை வெளியே எடுத்து, லென்ஸைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருக, கர்ரென்று கழன்றது. அதே மூட்டை, அதே பலகை. இப்போது எழுத்துகள் மட்டுமல்ல, எழுத்துக்குள் பெயிண்ட் உரிந்த செதில்கள்கூடத் தெரிந்தன. ‘ஞ’வின் வளைவில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது.

“சின்ன லென்ஸ்ல இது தெரியாது. நீளமானதுல மட்டமான கண்ணாடி போட்டா மொத்தமும் போச்சு” என்றார். “நீங்க எடுங்க சார். மூட்டை வேண்டாம். கையில புடிச்சே.”

எடுத்தேன். சிலந்தியின் கால்களை எண்ணலாம் போலிருந்தது.

சிரித்தேன் என்று நினைக்கிறேன். சத்தம் வேறு மாதிரி வந்தது. மனைவிக்குத்தான் கோபம். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அன்னைக்கே கழட்டியிருப்பேன்ல? என்னைக் கேட்க வேண்டியதை, தனியா உட்கார்ந்து அப்பாவோட நோயைக் கேட்டிருக்கீங்க.” பிறகு கடைக்காரம்மாவிடம், “எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோம்மா, என்ன?” என்றாள், ஏதோ அவர்தான் எங்கள் வீட்டுப் பெரியவர் போல. அவர் காட்டச் சொன்னார். காட்டுகிறேன் என்றேன். பயத்தோடு போயிருக்க வேண்டிய இடத்துக்கு இனி சும்மா போகலாம். அங்கே என்ன சொல்வார்களோ, தெரியாது. ஆனால் கொக்கின் படம் என் கையைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை.

“இப்ப எதைக் குடுக்கறீங்க, எதை எடுக்கறீங்க?” என்று கடைக்காரம்மா கேட்டார். மேசைமேல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றைத் தொட்டேன், அப்புறம் மற்றதையும் தொட்டேன்.

“யோசிங்க. நான் கீழ போய்க் குடிக்க எதாவது வாங்கிட்டு வர்றேன், மூணு பேருக்கும்” என்று மனைவி படியிறங்கினாள்.

வெகுநேரமாகியும் வரவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் பார்க்கலாமே என்று அறுநூறைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே தெருவைத் துழாவினேன். ஒரு சைக்கிள் மணி, ஒரு மாடிக் குழாய், கொடியில் காயும் துணியின் தையல். தெருக்கோடியில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். தெருவில் உட்காரும் ஆளே அல்ல. செருப்பைக் கழற்றி விட்டு, காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். பக்கத்தில் மூன்று சோடா பாட்டில்கள். ஒன்று காலி. இரண்டாவதைத் திறந்து, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். சோடா மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. ஏப்பம் வந்தது போலும், யாராவது பார்த்தார்களா என்று இருபுறமும் திரும்பினாள். பிறகு மூன்றாவது பாட்டிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உறை எதுவும் இல்லாமல் வெயிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.