இரண்டாவது கையெழுத்து

லேபின் ஆளுயர ஃப்ரிட்ஜ் குளிர்ந்து மூன்று நாளாகிவிட்டது. அதன் அடித்தட்டில் இருந்த குவாண்டம் சிப்பிலிருந்து மட்டும் பேச்சுமூச்சு இல்லை. வைட்ஃபீல்ட் அலுவலகத்தின் பேஸ்மென்ட் லேபில் ஐரின் தனியாக உட்கார்ந்து, திரையில் வெறும் இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளையும் ஆம்ப்ளிஃபையரையும் சோதித்தாயிற்று. மிச்சம் ஐசொலேட்டர்தான். தீப்பெட்டி அளவுப் பெட்டி. சிப்பிலிருந்து வரும் சன்னமான சிக்னலை மேலே போக விடும்; மேலேயிருக்கும் இரைச்சலைக் கீழே இறங்க விடாது. வழி எந்தப் பக்கம் என்று காட்ட அதன்மேல் ஓர் அம்புக்குறி உண்டு. மாட்டியபோது எடுத்த போட்டோவைப் போனில் பெரிதாக்கினாள். அம்பு கீழே பார்த்தது. தலைகீழாக மாட்டியிருந்தது அவளேதான்.

இப்படி நடக்காமலிருக்கத்தான் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டுகிறவர் "அம்பு எந்தப் பக்கம்?" என்று சத்தமாகக் கேட்பார். மற்றவர் குனிந்து பார்த்து "மேல" என்பார். ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். ஆறு வருடமாக அந்த "மேல" கூட வேலை பார்த்த பத்ரிநாத்துடையது. ஜூனில் அவன் வெளிநாட்டு வேலைக்குப் பறந்துவிட்டான். பதில் ஆள் வரவில்லை. மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் கீழே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மர்பி டவுன் வீட்டிலும் அம்மா இறந்துபோன பிறகு இவள் குரலுக்கு இவள்தான் துணை.

போட்டோவை அழித்துவிட்டு, ஐசொலேட்டரைச் செய்த கம்பெனிக்காரன் அம்பைத் தப்பாக ஒட்டிவிட்டான் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் வேலைக்கே உலை வைத்துக்கொண்ட மாதிரி. ஃப்ரிட்ஜைச் சூடாக்கித் திறந்து மறுபடி குளிர்விக்க ஒரு வாரம் போகும். இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை அப்படிப் போயிருந்தது.

ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், தலைகீழாக மாட்டியது தான்தான் என்று சொன்னாள். லேப் தலைவி மமதா பக்கங்களைப் புரட்டினார்.

"ஜூன்லேர்ந்து ரெண்டு கையெழுத்துமே உன்னுதா?"

"ஆமா மேடம். நானே கேட்டுட்டு நானே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"யாரையாவது கூப்பிடலாமில்ல?"

"யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல மேடம்."

மமதா திட்டுவதற்குத்தான் வாயெடுத்தார். பிறகு ரிஜிஸ்டரை மூடிக் கொடுத்துவிட்டார். வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஃப்ரிட்ஜ் திறந்தது. ஐரின் தரையில் மண்டியிட்டு ஐசொலேட்டரைத் திருப்பிப் பொருத்தினாள். "அம்பு எந்தப் பக்கம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லப் போனாள்.

"மேல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மமதா செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குனிந்து நின்றிருந்தார். கையில் பேனா.

ஐரினுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"சரியாக் கேக்கல மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.