அண்ணனின் இடக்கண்

அவள் கண் வரைகிறவள். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் அவள் மேசை. ஒரு கண்ணை இழந்தவர்கள் எதிரே உட்காருவார்கள். மிஞ்சிய கண்ணைப் பார்த்துப் பார்த்து, சட்டைப் பொத்தான் அளவு வட்டத் தகட்டில் அதன் ஜோடியைத் தீட்டிக் கொடுப்பாள்.

அன்று காலை வந்து உட்கார்ந்தது அவளுடைய அண்ணன். பட்டறையில் இரும்புத் துணுக்கு தெறித்து இடக்கண் போயிருந்தது. இருவருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா படுக்கையில் கிடந்ததை அவன் அவளுக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் தகவல் வந்தது. கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"நிமிர்ந்து உக்காருங்க. என் காதையே பாருங்க, அசையாதீங்க."

"எனக்குப் போயி 'ங்க' போடுறியா?" என்றான்.

அவள் தூரிகையை எடுத்துக்கொண்டாள்.

பழுப்புக் கண் என்றால் பழுப்பை அள்ளி அப்புவதில்லை. அடியில் மஞ்சள், மேலே செம்மண் நிறம். சிவப்பு எடுப்பாகத் தெரிந்தால் அதை அடக்க எதிர்நிறமான பச்சை, ஊசிமுனையளவு. கண்ணின் நடுவிலிருக்கும் பாவையைத் தவிர வேறெங்கும் கறுப்பைத் தொடமாட்டாள். தெரிகிற கோடுகளையெல்லாம் வரைந்தால் பொம்மைக் கண்ணாகிவிடும். எதை விட்டுவிடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் முடித்து, அவன் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. மேசையில் வெள்ளைத் தாளின் மேல் வைத்திருந்தபோது அடக்கமாக இருந்த நிறம், சுருங்கிய அந்த இமைகளுக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றியதுபோல் மினுங்கியது. பக்கத்தில் இருப்பதைப் பொறுத்து நிறம் மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கோளாறு அதில் இல்லை. அவள் வரைந்திருந்தது, அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட பையனின் கண்.

"சரியா வரலியா?"

"நான் உங்களைப் பார்க்கவே இல்லை. ஞாபகத்துல இருந்து வரைஞ்சிட்டேன்."

நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டுப் பார்த்தாள். கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழுந்திருந்தது. வெண்விழி மஞ்சளடித்திருந்தது. ஓரத்தில் இரண்டு செந்நரம்புகள். எப்போது இவ்வளவு வயதானான்?

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க," என்றான் மெதுவாக. "எனக்கு ஒண்ணு கெட்டதும் உன் நினைப்பு வந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"கடைசியில அப்பாவுக்கு யாரையும் அடையாளம் தெரியல. கத்திக்கிட்டே இருந்தாரு. அந்தக் கோலத்துல நீ பார்க்க வேண்டாம்னு நினைச்சேன்."

"அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? நீ யாரு பண்றதுக்கு?"

"தப்புதான்."

அவன் கண் நிறைந்தது. ஈரத்தில் நிறம் கருத்துத் தெரியும், வரைய முடியாது. துணியை நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்கும் அந்த நேரம் தேவைப்பட்டது.

சாயங்காலம்வரை உட்கார்ந்து இரண்டாவது கண்ணை வரைந்தாள். வளையத்தையும் மஞ்சளையும் விடவில்லை. தகட்டைப் பதிக்கும் வெள்ளை ஓட்டின் மேல், நரம்புகளுக்குச் சிவப்பு நூலிழைகளைப் பிரித்து ஒட்டினாள்.

அடுத்த வாரம் மெருகேற்றிப் பொருத்தினாள். அவன் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான்.

"கிழவன் கண்ணாட்டம் இருக்கு."

"கிழவனாயிட்டியே. வருஷம் ஒரு தடவை வந்து மெருகேத்திக்கணும்."

"நடுவுல வரக்கூடாதா?"

அவள் தூரிகைகளைத் துடைத்தாள். மனசு முழுக்க ஆறியிருக்கவில்லை. ஆறும் என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பேன்," என்றாள்.