இடது பாதம் எங்கே?

குதிகால், முதுகு, தலை மூன்றும் சுவரில் ஒட்டும்படி நிற்பதற்குள் தஸ்லிமுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"மூச்சை ஏங்க்கா பிடிச்சு வெச்சிருக்கீங்க? யாராவது சுடப் போறாங்களா?" என்றாள் ஸ்வாதி. ராயக்கோட்டை ரோட்டில் பிசியோதெரபி கிளினிக் நடத்துபவள்.

"பன்னெண்டு வருஷமா குனிஞ்சு கிடந்தவ மேடம். ஒரு வாரத்துல நிமிர்றதுன்னா சும்மாவா?"

தஸ்லிம், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. திங்கட்கிழமை மெடிக்கல். தேறினால் வேலை நீடிக்கும். முதுகுக் கோணல் டாக்டர் கண்ணில் பட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கணவன் காலித்தின் பட்டறை மூடி ஆறு மாதம். அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்.

தோளை இறக்கவும், முழங்காலை விறைக்காமல் நிற்கவும் பழகினாள். நான்காம் நாள் ஸ்வாதி, "கண்ணை மூடுங்க. உடம்பு எடை எந்தப் பாதத்துல இருக்கு?" என்றாள்.

தஸ்லிம் தேடினாள். வலது குதிகால் தெரிந்தது, விரல்கள் தெரிந்தன.

"இடது பாதம் எங்க இருக்கு?"

"தரையிலதான் இருக்கும். எங்க ஓடிடப் போகுது!" என்று சிரித்தாள். போன வாரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது செருப்பு கழன்று விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் சரிதா சொல்லித்தான் தெரிந்தது. அதற்கும் இப்படித்தான் சிரித்தாள்.

"பேனாவால குத்தப் போறேன்க்கா."

"ம், குத்துங்க."

"குத்தி முடிச்சிட்டேன்."

தஸ்லிம் கண்ணைத் திறந்தாள்.

"முதுகுல நரம்பு நசுங்கியிருக்கும் போல. உடனே பெரிய டாக்டரைப் பாருங்க. வேலைக்குப் போகாதீங்க."

"திங்கக்கிழமை தாண்டட்டும் மேடம். நேரா நிக்க மட்டும் சொல்லிக் குடுங்க."

திங்கட்கிழமை, அவள் வாழ்நாளில் நின்றிராத நேர்த்தியோடு நின்றாள். டாக்டர் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

"அட, கம்பீரமா நிக்கிறீங்களே!" என்ற சூப்பர்வைசர் மோகன்குமார், அவளை பிரஸ் மிஷினுக்கு மாற்றினார். சரிதா தடித்த கேபிளை அச்சுக்கடியில் வைத்து விரலை எடுத்ததும், தஸ்லிம் இடது காலால் பெடலை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சரிதா முதல் கேபிளை வைத்தாள். தஸ்லிம் காத்திருந்தாள். சந்தேகம் வந்து கீழே பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் இடது கால் பெடலைப் பாதி அழுத்திவிட்டிருந்தது.

"விரலை எடுடீ!"

சரிதா கையை உருவினாள். அச்சு இறங்கியது.

"என்னக்கா, சமாதி கட்டப் பாத்தியா?" என்று சிரிக்கப் பார்த்த சரிதா, விரல்களை ஒருமுறை எண்ணிக்கொண்டாள்.

தஸ்லிம் வலது காலைப் பெடலுக்கு மாற்றினாள். இடது கால் தாங்கவில்லை, மடங்கியது. மிஷினைப் பிடித்துக்கொண்டாள். சரிதா அதற்குள் அடுத்த கேபிளோடு அச்சுக்கடியில் கையை நீட்டினாள்.

"வேணாம்டீ, நில்லு." மோகன்குமார் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு இடது கால்ல உணர்ச்சி இல்ல."

"அப்ப மெடிக்கல்ல?"

"நேரா நின்னேன். அவங்க அதுக்கு மேல கேக்கல."

அவர் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

கம்பெனி ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தோளை இறக்கி, முதுகை நிமிர்த்தி, கேட் வரைக்கும் நேராகவே நடந்தாள்.

"ஏம்மா," என்றார் வாட்ச்மேன். "ஒரு செருப்பு அங்கயே கிடக்குது பாரு."