சூளை விண்டோ

எங்கள் பீங்கான் யூனிட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, சூளைச் சுவரிலிருந்த மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. சூடு அளவு மீறினால் கம்ப்யூட்டரே மணியடிக்கும். புரோகிராம் எழுதியவர் சென்னையிலிருந்து வந்த குருமூர்த்தி சார். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த எனக்கு, அதன் எதிரில் உட்காரும் வேலை.

முதலாளி ஆதிநாராயணனுக்குத் திரை சுத்தமாக இருக்க வேண்டும். வந்தவுடன் எல்லா விண்டோவையும் மூலையிலுள்ள எக்ஸை அழுத்தி மூடுவார். ஒருநாள் சூளை விண்டோவையும் மூடினார். மணி அதற்குள்தான் இருந்தது. விண்டோ செத்தது, மணியும் செத்தது. உள்ளே வெந்துகொண்டிருந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் சூடு மீறி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாக வெளியே வந்தன.

குருமூர்த்தி சார் வந்து திருத்தினார். இனி எக்ஸை அழுத்தினால் எந்த விண்டோவும் சாகாது, ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு பில்லுக்கும் திறந்த விண்டோக்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மெமரியில் குடியிருந்தன. மாலைக்குள் மௌஸ் நகர மறுத்தது. முதலாளி மானிட்டர்மேல் எலுமிச்சம்பழம் வைத்தார். மெமரி கூடவில்லை.

சார் மறுபடி வந்தார். இந்த முறை எக்ஸை அழுத்தினால் எந்த விண்டோவும் அடியோடு அழியும். கம்ப்யூட்டர் பறந்தது.

மறுநாள் பெரிய ஆர்டர் சூளையில் ஏறுகிறது. இதுவும் பாறையானால் யூனிட்டை மூட வேண்டியதுதான். சூளை விண்டோவை மட்டும் அழிக்கக் கூடாது, இல்லையென்றால் மணியை அதற்கு வெளியே வைக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன்.

"நீ ஃபிசிக்ஸ்தானேம்மா?" என்றார்.

ஆமாம் என்றேன். அத்துடன் விவாதம் முடிந்தது.

மறுநாள் முதலாளி வந்தார், எல்லாவற்றையும் மூடினார். சூளை விண்டோவும் போய்விட்டதென்று முணுமுணுத்தேன்.

"ஸ்கிரீனு எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு" என்றார்.

சூளைக்கு ஓடினேன். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. பர்னர் பார்க்கும் காஸ்பர் அண்ணன் தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பர்னர நிறுத்துங்க!"

கிளாஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து நிறுத்தினார். சரக்கு தப்பியது. முதலாளியும் வந்து பார்த்துவிட்டு யோசித்தார்.

"மணி எதுக்கு? இந்தப் பொண்ணு தொண்டையே போதும்."

சூளைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். குருமூர்த்தி சாரும் போனில் இது நல்ல ஏற்பாடு என்றாராம். கம்ப்யூட்டர் இப்போது மிக வேகம். முதலாளி அதில் சீட்டாடுகிறார்.